கேட்கச் சொன்ன கேள்விகள்

யான்ஜி, பிப்ரவரி 20, 1992
(தபாலில்)

அண்ணாவுக்கு,

இங்கே பனி இன்னும் முழங்கால் உயரம் கிடக்கிறது. சோங்ஜினில் கடற்காற்றும் சேர்ந்திருக்கும், குளிர் எலும்பைக் குடையும் என்று அம்மா கவலைப்படுகிறாள். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அண்ணிக்கு இருமல் நின்றதா? பிள்ளைகள் இருவரும் நலந்தானே?

அம்மாவின் செய்தி நல்லதாக இல்லை. இதயம் பெருத்துவிட்டது என்கிறார்கள். டாக்டர் என்னை மட்டும் வெளியே அழைத்து, "இலையுதிர் காலம் தாண்டுறது கஷ்டம் டீச்சர்" என்றார். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவளோ மறுநாள் காலை கஞ்சியைக் குடித்துவிட்டுக் கேட்கிறாள்: "சாங்யுல் முகம் எனக்கு மறந்துபோச்சுடி. காது மட்டும் ஞாபகம் இருக்கு. அப்பா மாதிரியே விரிஞ்ச காது. அந்தக் காத ஒரு தடவ பாத்துட்டா போதும்."

பஞ்சத்து வருஷத்தில், பத்தொன்பது வயதில், நீங்கள் உறைந்த தூமன் ஆற்றின் மேல் நடந்து வட கொரியாவுக்குப் போய் முப்பத்தொரு வருடம் ஆகிறது. எனக்கு அப்போது பன்னிரண்டு. இப்போது என் தலையில் நரை.

இத்துடன் உறவினர் சந்திப்புக்கான அழைப்புக் கடிதம் வைத்திருக்கிறேன். அதில் குத்தியிருக்கும் அரசு முத்திரைக்கு எல்லோரும் நான்கு மாதம் அலைவார்கள். எனக்கு இரண்டே நாளில் கிடைத்தது. எங்கள் கல்லூரிப் பாதுகாப்புப் பிரிவின் தோழர் லுவான் மிகவும் உதவினார். உங்கள் பக்கத்து அனுமதிக்கு உடனே விண்ணப்பியுங்கள். தனிப் பொதியில் இருமல் மருந்தும் நான்கு சட்டைகளும் வருகின்றன.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ரயில் யார்டில் எங்கள் சீன நாட்டுச் சரக்கு வண்டிகள் நிறைய நிற்கின்றனவா? எத்தனை, எத்தனை நாளாக? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

எல்லோரும் கம்பளி உடுத்திக்கொள்ளுங்கள். அம்மாவின் ஆசிகள், என் கணவரின் வணக்கங்கள்.

தங்கை ஒக்சில்


சோங்ஜின், ஏப்ரல் 5, 1992
(தபாலில்)

அன்புத் தங்கை தோழர் ஒக்சிலுக்கு,

தலைவரின் அரவணைப்பில் நாங்கள் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறோம். அம்மாவின் உடல்நிலை அறிந்து வருந்தினோம். அவர் விரைவில் தேற வேண்டும்.

பொதி வந்து சேர்ந்தது. நான்கு சட்டைகளிலும் கழுத்துக்குப் பின்னால் ஒரு துணித்துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. ஏன் என்று சுங்கத்தில் கேட்டார்கள். கழுத்தில் உறுத்தும் என்று என் தங்கை வெட்டியிருப்பாள் என்றேன்.

வண்டிகள் வருகின்றன, போகின்றன. இரு நாட்டு நட்பும் இரும்புப் பாதைபோல உறுதியாக இருக்கிறது.

அனுமதிக்கு விண்ணப்பித்தேன். முதல் முறையிலேயே வாங்கிக்கொண்டார்கள். அலுவலகத்தில் உட்கார நாற்காலியும் கொடுத்தார்கள்.

உன் கல்லூரிக்குத் தென் கொரியாவிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்களாம். யார், எந்த ஊர், எதற்காக என்று எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அனைவரும் நலமுடன் இருக்க வேண்டும்.

மேங் சாங்யுல்


யான்ஜி, ஏப்ரல் 28, 1992
(பியோன் அக்காவின் கையில்)

அண்ணா,

இதைக் கொண்டுவருபவள் பியோன் அக்கா. சோங்ஜினில் பிறந்த சீனத்தி என்பதால் இரண்டு பக்கமும் போய்வர அவளுக்குச் சீட்டு உண்டு. காய்ந்த மீன் இந்தப் பக்கம் வருகிறது, துணி அந்தப் பக்கம் போகிறது. தபாலில் சொல்ல முடியாததை அவள் துணி மூட்டைக்குள் வைத்து அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

சட்டைகள் தெற்கத்திச் சரக்கு. இப்போது யான்ஜி கடைத்தெருவில் அதுதான் மலிவு. தெற்கத்திப் பெயர் போட்ட கழுத்துச் சீட்டோடு வந்தால் உங்களுக்குத் தொல்லை என்று இங்கே எல்லோரும் வெட்டித்தான் அனுப்புவோம். வெட்டிய இடமே காட்டிக்கொடுக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

வண்டிகளைப் பற்றிய கேள்வி என்னுடையதல்ல. முத்திரை வாங்கப் போனபோது லுவான் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"டீச்சரம்மா, அண்ணனப் பாத்து எத்தன வருஷம்?"

"முப்பத்தொண்ணு."

"அடப் பாவமே. லெட்டர்ல ரயில் வண்டியப் பத்தி ஒரு வரி சேத்துக்குங்க. நம்ம வண்டிங்கதானே? அனுப்புனது திரும்பி வரலேன்னா எங்க நிக்குதுன்னு கேக்கறது தப்பா?"

"அத ரயில்வேகாரங்க கேக்கலாமே?"

"அவங்க கேட்டா, சொல்ல வேண்டியதச் சொல்லுவாங்க. தங்கச்சி கேட்டா உண்மையச் சொல்லுவாங்க."

நான் தந்திரக்காரி இல்லை அண்ணா. முத்திரை அவர் மேசையில் இருந்தது. எழுதினேன்.

இப்போது உங்களிடம் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தை ஐந்தாறு முறை படித்துவிட்டேன். கையெழுத்து உங்களுடையதுதான். குரல் உங்களுடையதல்ல. நீங்கள் எப்போது என்னைத் தோழர் என்று கூப்பிட்டீர்கள்? முதலில் உங்களை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைக்கிறார்கள் என்று நினைத்தேன். அதன்பிறகு, உங்கள் கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ எழுதுகிறார்கள் என்று நினைத்தேன். என் அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒரே பாடத்தை இரண்டு முறை நடத்தினேன்.

ஆகையால் ஒரு கேள்வி. நீங்கள் ஆற்றைக் கடந்த அன்று நான் உங்கள் கையில் என்ன கொடுத்தேன்? நீங்கள் என் அண்ணன் என்றால் உங்களுக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை எழுதும்போது அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறாள்.

ஒக்சில்


சோங்ஜின், மே 24, 1992
(பியோன் அக்காவின் கையில்)

வாலு,

முதலில் உடம்பு. இடுப்பு அப்படியேதான் இருக்கிறது, குனிந்தால் நிமிர இன்னொருவர் வேண்டும். உன் அண்ணிக்கு உன் மருந்தில் இருமல் நின்றது. பெரியவன் சுரங்கப் பள்ளியில் படிக்கிறான், சின்னவன் ராணுவத்தில். சோற்றைப் பற்றிக் கேட்காதே. போன கடிதத்தில் குறையில்லை என்று எழுதினேனே, அதுதான் பதில்.

நீ கேட்டதற்கு: நீ என் கையில் ஒன்றும் கொடுக்கவில்லை. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். வாயைத் திறந்துகொண்டு தூங்கினாய். எழுப்பினால் வால் மாதிரி பின்னாலேயே வருவாய் என்று நான்தான் எழுப்ப விடவில்லை.

தெற்கத்தி விருந்தாளிகளைப் பற்றிய கேள்வியும் என்னுடையதல்ல. உன் லுவானும் இங்கே என்னோடு உட்காருகிற தோழரும் ஒரே பள்ளியில் படித்திருப்பார்கள் போல. அவர் தேநீர் ஊற்றுகிறார், இவர் சிகரெட் நீட்டுகிறார். "ஒங்க தங்கச்சி படிச்சவ. படிச்சவங்களுக்கு நெறைய தெரியும். கேட்டு எழுதுங்க, அம்மாவப் பாக்க சீக்கிரம் போகலாம்" என்கிறார். எழுதி முடித்ததும் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுக்கிறார். அவ்வளவு அக்கறை.

நீ அவர்களுக்காகக் கேட்டாய், நான் இவர்களுக்காகக் கேட்டேன். இனிமேல் நான் எனக்காக ஒன்று கேட்கிறேன். உங்கள் அரசு தெற்கோடு கைகுலுக்கப் போகிறதா? யார்டில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். அப்படி நடந்தால் சீனாவிலிருந்து வந்த எங்களைப் பெயர் எழுதி எண்ணுவார்கள். அந்தப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது, தூசு தட்டினால் போதும். முன்கூட்டியே தெரிந்தால் இடுப்பு வலியைக் காட்டி, உன் அண்ணியின் சொந்த ஊருக்கு, ஆப்பிள் தோட்டத்து வேலைக்கு, நானாகவே மாற்றல் வாங்கிப் போய்விடுவேன். பட்டியல் வந்தபிறகு மாற்றல் கேட்டால் அதுவே குற்றமாகிவிடும். உனக்குத் தெரிந்தால் ஒரே வார்த்தை. ஆம், இல்லை. அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொல். காது இன்னும் விரிந்துவிட்டது, தொப்பிக்குள் அடங்குவதில்லை.

அண்ணன்


யான்ஜி, ஜூலை 1, 1992
(தபாலில்)

அண்ணாவுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. துணி காய்வதில்லை. உங்களுக்கும் அண்ணிக்கும் உடல்நலம் எப்படி? அம்மாவுக்குக் கால் வீங்குகிறது. தலையணை இரண்டு வைத்தால்தான் மூச்சு விட முடிகிறது. ஆனால் பேச்சு குறையவில்லை. பக்கத்து வீட்டுக்காரி போன வாரம் கொண்டுவந்த முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயைப் பற்றி இன்னும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். மூன்று வாரம் பெய்ஜிங்கில் இருந்தேன். மக்காச்சோள விதைகள் பற்றி ஒரு மாநாடு, மொழிபெயர்க்க அழைத்தார்கள். விதை, உரம், விளைச்சல். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

கல்லூரிக்கு விருந்தினர் யாரும் குறிப்பிடும்படி வரவில்லை.

அனுமதி எப்போது வரும்? அறுவடைத் திருநாளுக்கு முன் வந்தால் அப்பாவின் கல்லறையில் நீங்களே மது ஊற்றலாம். மூத்த மகன் ஊற்றி அந்த மண் இதுவரை நனைந்ததில்லை.

உடம்பு முக்கியம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஒக்சில்


யான்ஜி, ஜூலை 12, 1992
(பியோன் அக்காவின் கையில்)

அண்ணா,

நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் கொடுத்தது எனக்கு நன்றாகத் தெரியும். வறுத்த சோயாவை என் காலுறையில் போட்டு முடிந்து உங்கள் கையில் வைத்தேன். வாசலில் நின்றேன். உங்கள் கை சூடாக இருந்தது. முப்பத்தொரு வருடமாக எனக்கு அது தெரியும். என் மாணவிகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே எழுதுவது நீங்களல்ல என்று முடிவு செய்தேன். நான்கு நாள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் அவளிடம் கேட்டேன்.

"நீயா? நீ வாயப் பொளந்துட்டுத் தூங்கிட்டு இருந்தே. சோயா வறுத்தது நானு. முடிஞ்சு கொடுத்தது நானு. ஒன் காலொறதான், அது வேணா நெசம். காலைல ஒத்தக் காலொறையக் காணோம்னு நீ என்னமா கத்துன!"

நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். இல்லாத ஒன்றை நானே எனக்குக் கொடுத்து, அதை வைத்து உங்களைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். மன்னியுங்கள் என்று எழுதுவதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் கேட்ட ஒரே வார்த்தைக்கு: எனக்குத் தெரியாது. பெய்ஜிங்கில் நான் மொழிபெயர்த்தது மக்காச்சோளம்தான்.

இடுப்புக்குச் சூடான உப்பு மூட்டை வைத்துப் பாருங்கள்.

ஒக்சில்


சோங்ஜின், ஆகஸ்ட் 8, 1992
(தபாலில்)

அன்புத் தங்கை தோழர் ஒக்சிலுக்கு,

தலைவரின் அரவணைப்பில் அனைவரும் நலம். அம்மாவின் கால் வீக்கம் குறைய வாழ்த்துகிறோம்.

மகிழ்ச்சியான செய்தி. எனக்கு அனுமதி வந்துவிட்டது. செப்டம்பர் 8 முதல் இருபது நாள். நான் தனியாக வருவேன். மனைவியும் பிள்ளைகளும் இங்கே இருப்பார்கள்.

மக்காச்சோள மாநாடு பற்றி அறிய ஆவலாக இருக்கிறேன். இங்கும் மக்காச்சோள விளைச்சலை உயர்த்தும் முயற்சி நடக்கிறது. நான் வரும்போது நீ மொழிபெயர்த்த தாள்கள் எல்லாவற்றையும் பார்க்க விரும்புகிறேன். எடுத்து வைத்திரு.

அனைவருக்கும் நல்ல உடல்நலம் வேண்டும்.

மேங் சாங்யுல்


யான்ஜி, ஆகஸ்ட் 25, 1992
(அனுப்பப்படாதது)

அண்ணா,

இந்தக் கடிதம் உங்களுக்கு வராது. எழுதாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். முடித்ததும் நானே அடுப்பில் போடுவேன்.

நேற்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் அரசு தெற்கை அங்கீகரித்துவிட்டது. கைகுலுக்கிவிட்டார்கள். கடைத்தெருவில் ஒருவன் பட்டாசு வெடித்தான். தெற்கத்திச் சட்டைகளை இனிச் சீட்டோடு தொங்கவிடலாம்.

எனக்கு மே மாதமே தெரியும்.

பெய்ஜிங்கில் மக்காச்சோளம் இல்லை. ஜன்னல் திறக்காத ஒரு விருந்தினர் மாளிகை. தட்டச்சு செய்த தாள்களைக் காலையில் கொடுப்பார்கள், மாலையில் எண்ணி வாங்கிக்கொள்வார்கள். ஒரு பத்தியில் "நீண்டகால நண்பர்களின் உணர்வுகளைக் கருத்தில் கொண்டு" என்று ஒரு தொடர். அதற்குச் சரியான கொரிய வார்த்தை தேடி அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அந்த நண்பர்களில் நீங்களும் ஒருவர் என்று அப்போது தோன்றவே இல்லை. நல்ல வார்த்தை கிடைத்த சந்தோஷத்தில் இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டேன். யான்ஜிக்குத் திரும்பி வந்தால் உங்கள் கடிதம் காத்திருக்கிறது: ஆம், இல்லை, ஒரே வார்த்தை.

நான் ஏன் சொல்லவில்லை? ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன், அது ஒன்று. நான் பிடிபட்டால் அம்மாவை யார் பார்ப்பது, அது இரண்டு. மூன்றாவதுதான் உண்மை. அந்தக் கேள்வியை உங்கள் தோழர்தான் கேட்கச் சொன்னார் என்று சந்தேகப்பட்டேன். நீங்கள் என் அண்ணன் என்று நிரூபித்த பிறகும் சந்தேகப்பட்டேன். சின்னவனுக்காக, சோற்றுக்காக, நீங்கள் என்னை விற்றிருப்பீர்கள் என்று நினைத்தேன். அம்மாவுக்காக நான் உங்களை விற்கவில்லையா? ஜூலையில் ஆம் என்று எழுதியிருந்தால் நீங்கள் இப்போது ஆப்பிள் தோட்டத்தில் இருந்திருப்பீர்கள்.

இன்று காலை லுவான் கூப்பிட்டார். அதே தேநீர்.

"வாழ்த்துகள் டீச்சரம்மா. ஒங்க அண்ணனுக்கு அனுமதி வந்துடுச்சாமே."

"நேத்து அறிவிப்புக்கு அப்புறம் எல்லா அனுமதியையும் அந்தப் பக்கம் ரத்து பண்ணிட்டாங்க. எங்க தெருவுல ரெண்டு குடும்பத்துக்குத் தந்தி வந்துடுச்சு."

"ஆமா. அவரோடத மட்டும் ரத்து பண்ணல." சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "யோசிச்சுப் பாருங்க, ஏன்னு. அவங்களுக்கு ஒங்க பெய்ஜிங் தாளு வேணும். வரட்டுமே, எங்களுக்கும் அவர் வேணும். பதினஞ்சு வருஷமா ரயில் யார்டுல இருக்கறவர், பாத்தது கேட்டது நெறைய இருக்கும். இருபது நாள் எதுக்கு? இங்கயே இருக்கச் சொல்லுங்க. நாங்க பாத்துக்கறோம்."

"அவர் மனைவி, பிள்ளைங்க?"

"அது அந்த நாட்டு விஷயம். அடுத்த நாட்டு உள்விவகாரத்துல நாம தலையிடறதில்ல. அதுதானே நம்ம கொள்கை?"

எழுந்து கதவு வரைக்கும் வந்தேன். பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆனா நானும் அந்தத் தோழரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிக்கல டீச்சர். ஒங்க அண்ணனுக்கு நல்ல நகைச்சுவை."

பியோன் அக்காவின் மூட்டையை யார் யார் பிரித்தார்கள் என்று இனிக் கேட்டுப் பயனில்லை. அவள் கெட்டவளும் அல்ல. அவளுக்கும் ஒரு முத்திரை வேண்டியிருக்கும்.

இரண்டு நாடுகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் இங்கே வர வேண்டும் என்பதில் மட்டும் இரண்டுக்கும் ஒரே எண்ணம். வந்தால் லுவான் உங்களைத் திரும்பப் போக விடமாட்டார். போகாவிட்டால் அண்ணியையும் பிள்ளைகளையும் எந்தச் சுரங்கத்துக்கு அனுப்புவார்கள்? வெறுங்கையோடு திரும்பிப் போனாலும் அதுவேதான்.

அம்மா தினமும் காலையில் கேட்கிறாள். "இன்னும் எத்தன நாளு?" இன்று பதினான்கு என்றேன். விரல் விட்டு மடக்கிப் பார்த்தாள்.

பதினான்கு நாளுக்குள் உங்களை வரவிடாமல் செய்ய வேண்டும். தபாலை அவர்கள் படிப்பார்கள், பியோன் அக்காவின் மூட்டையையும் படிப்பார்கள். படிக்கிறவர்கள் எல்லோரும் நம்பும்படி ஒன்று எழுத வேண்டும். நீங்களும் நம்பும்படி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.


யான்ஜி, ஆகஸ்ட் 26, 1992
(தபாலில்)

மேங் சாங்யுல் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் வர வேண்டாம்.

முப்பத்தொரு வருடம் கழித்து அம்மாவின் நினைவு வந்திருக்கிறது உங்களுக்கு, அதுவும் நான் அழைப்பு அனுப்பிய பிறகு. பஞ்சத்தில் எங்களை விட்டுவிட்டு வயிற்றுக்காக ஓடியவர் நீங்கள். அப்பா மரப்பட்டை தின்று செத்தார். நாற்பது நாளைக்கு ஒரு முறை வரும் கடிதத்தில்கூட அம்மாவைப் பற்றி ஒரு வரி, என் வேலையைப் பற்றிப் பத்து வரி. நீங்கள் அம்மாவைப் பார்க்க வரவில்லை, எதையோ வாங்கிப் போக வருகிறீர்கள் என்று எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது. என் தாள்கள் உங்களுக்குக் கிடைக்காது.

அம்மா உங்களைப் பார்க்க விரும்பவில்லை. அழைப்பைத் திரும்பப் பெறுவதாக இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். மீறி வந்தால் கதவு திறக்காது.

இனி எனக்கு அண்ணன் இல்லை.

மேங் ஒக்சில்


சோங்ஜின், ஆகஸ்ட் 27, 1992
(தபாலில், யான்ஜிக்கு வந்தது செப்டம்பர் 19)

மேங் ஒக்சிலுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வந்து வெகுநாள் ஆகிறது. இனி வரவும் வேண்டாம்.

உங்கள் அரசு செய்ததை இங்கே எல்லோரும் அறிந்துகொண்டோம். சேர்ந்து ரத்தம் சிந்தியவர்களை நாலு சட்டைக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் விற்றுவிட்டீர்கள். நீயும் அதில் பங்கு வாங்கியவள்தான். கழுத்துச் சீட்டை வெட்டி அனுப்பினால் எங்களுக்குத் தெரியாது என்று நினைத்தாயா? அந்தச் சட்டைகளை யார்டின் நடுவில் எல்லோர் முன்னிலையிலும் எரித்தேன்.

அனுமதிச் சீட்டை நேற்று நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். துரோகிகளின் வீட்டில் எனக்குச் சோறு இறங்காது என்றேன். உன் மக்காச்சோளத் தாள்களை நீயே வைத்துக்கொள், அதில் பயனுள்ள ஒன்றும் இருக்காது என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். நீ ஒரு சாதாரண வாத்தியாரம்மா, உனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்ததுபோல் நடிப்பவள் என்றும் சொன்னேன்.

என் மனைவி இங்கே, என் பிள்ளைகள் இங்கே. நானும் இங்கே. அந்தப் பக்கம் எனக்கு யாரும் இல்லை, தாய் உட்பட.

மேங் சாங்யுல்


யான்ஜி, அக்டோபர் 30, 1992
(தபாலில்)

மேங் சாங்யுல் அவர்களுக்கு,

அம்மா அக்டோபர் 9ஆம் தேதி காலை ஏழு மணிக்கு இறந்தார். முறைப்படி தெரிவிக்க வேண்டும் என்பதால் தெரிவிக்கிறேன். நாம் உறவு முறித்தவர்கள் என்பது மாறவில்லை.

கடைசி நாட்களில் வலி இல்லை. முதல் நாள் மாலை பூசணிக் கஞ்சி கேட்டு அரைக் கிண்ணம் குடித்தார். இதில் உங்கள் உதவி எதுவும் இல்லை.

உங்கள் ஆகஸ்ட் கடிதத்தை அவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். மகன் எப்படிப்பட்டவன் என்று அவருக்குத் தெரிய வேண்டுமே. மறுபடி படிக்கச் சொன்னார், படித்தேன். பிறகு தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். "வரி கோணாம நேராப் போகுது. ஒக்காந்து எழுத முடியுது அவனால. இடுப்பு தேவலாம் போல" என்றார். நான் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தகனத்தின்போது அதுவும் சேர்ந்து எரிந்துவிட்டது. ஆகவே அது இப்போது என்னிடம் இல்லை. யார் கேட்டாலும் இதுதான் பதில்.

மூத்த மகன் மறுத்துவிட்டபடியால் மது ஊற்றியவர் என் கணவர். மூன்று கிண்ணத்தில், மூத்த மகனுக்குரிய முதல் கிண்ணத்தை ஊற்றாமல் அப்படியே வைத்தார். இது அவருடைய மறதி.

சாம்பலை 11ஆம் தேதி தூமன் ஆற்றில் கரைத்தோம், பாலத்துக்குக் கீழே இரண்டாவது வளைவில். எல்லை ஆறு என்பதால் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. எல்லைக் காவல் அதிகாரி வந்து நின்றார்.

"டீச்சர், நம்ம பாதியிலதான் கரைக்கணும். நடு ஆத்தத் தாண்டக் கூடாது. இப்ப நெலம ஒங்களுக்கே தெரியும். அந்தப் பக்கம் எதையோ அனுப்புறோம்னு எழுதிடுவாங்க."

"சாம்பல் எந்தப் பாதியில நிக்கும்னு நான் எப்படிச் சொல்றது?"

அவர் ஒரு தாளை நீட்டினார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. எழுதிக் குடுத்துடுங்க."

நம் பாதியில் மட்டுமே கரைப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கரையோரமாகத்தான் நின்றேன், கணுக்கால் தண்ணீரில். அன்று காற்று எங்கள் கரையிலிருந்து உங்கள் கரையை நோக்கிப் பலமாக வீசியது. அதற்கு நான் பொறுப்பல்ல.

பதில் எழுத வேண்டாம்.

மேங் ஒக்சில்